படலைத் திறக்கலாமா

காரெட் ஹாலோ, கென்டக்கி
21 பிப்ரவரி 1988

அன்புள்ள அண்ணன் வெர்லினுக்கு,

தங்கை கிளென்னா எழுதுவது. இங்கே எல்லாரும் எழுந்து நடமாடுகிறோம். அந்த மட்டில் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஓபல் அண்ணிக்குப் போன வாரம் போட்ட ஊசி ஒத்துக்கொண்டதா? வாந்தி நின்றதா?

போனில் சொல்ல முடியாத சங்கதி, அதனால்தான் கடிதம். எங்கள் போன் லைனை எங்களோடு இன்னும் மூன்று வீடு பங்கு போட்டுக்கொள்கிறது. ரிசீவரை எடுத்தாலே பக்கத்து வீட்டு ஹட்டி மூச்சு விடுவது கேட்கிறது.

நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ வேலை பார்க்கிற முலாம் ஆலையின் மேல் வழக்கு. ஆறு பாதுகாப்புச் சங்கத்திலிருந்து ஃபெல்ட்மன் என்று ஒரு வக்கீல் பெண் வந்தாள். ஆலை ஆற்றைக் கெடுத்து, அரசாங்கமும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால், ஆற்றால் நஷ்டப்பட்ட சாதாரண ஆளே நீதிமன்றம் போகலாமாம். அதற்கு முன்னால் ஆலைக்கு அறுபது நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டுமாம். எண்பத்தாறில் ஆற்றுத் தண்ணீர் குடித்து எங்கள் பசுக்களுக்கு வரிசையாகச் சினை கலைந்ததையும், அன்றைக்கு ஆற்றுப்பக்கப் படலைச் சாத்திக் கம்பி சுற்றியதையும் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

சாட்சி எங்கே என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து வைத்தாள். ஆலை மாதாமாதம் மாநில அலுவலகத்துக்கு அனுப்புகிற கழிவுநீர்க் கணக்கு. இரண்டு வருஷமாகச் சயனைடு வரம்புக்கு மேல் என்று ஆலையே எழுதிக் கொடுத்திருக்கிறது. ஒவ்வொன்றின் அடியிலும் வி. கோம்ப்ஸ் என்று உன் கையெழுத்து.

"இது எங்க அண்ணன்மா," என்றேன். நான் கொடுத்த சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"உங்க அண்ணன் பொய் எழுதியிருந்தா எனக்கு வழக்கே இல்லம்மா," என்றாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

வரம்பு மீறிய ஒவ்வொரு நாளுக்கும் இருபத்தைந்தாயிரம் டாலர் வரை அபராதம் போடலாமாம். அது நமக்கு வராது, வாஷிங்டன் கருவூலத்துக்குப் போகுமாம். என் வீட்டுக்காரர் ஹார்லன் சிரித்துவிட்டார். "தண்ணி கெட்டது நம்ம மாட்டுக்கு. காசு வாஷிங்டனுக்கா? நல்லாருக்குடி உன் வழக்கு." எனக்குக் காசு வேண்டாம். படலைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

உனக்குக் கோபம் இருந்தால் எழுது. எழுதாவிட்டால் அப்பாவின் வழக்கம்தான். சாப்பாட்டு மேசையில் அவர் 'கூடாது' என்பதை வீடே அதிரச் சொல்வார். 'சரி' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பேசாமல் ரொட்டியைப் பிட்டால் சரி என்று அர்த்தம். நம் வீட்டில் மௌனம்தான் சம்மதம்.

அண்ணிக்கு என் முத்தம்.
உன் கிளென்னா


பைன் லேண்டிங்
6 மார்ச் 1988

அன்பான கிளென்னாவுக்கு,

கடிதம் வந்தது. எனக்கு மூட்டுவலி, ஓபலுக்கு வாந்தி; மற்றபடி குறையில்லை. நேற்றுதான் வாந்தி நின்று பாதி முட்டை சாப்பிட்டாள். முடி மட்டும் தலையணையோடு வருகிறது.

கோபம் இல்லை. நீ சின்ன வயதிலேயே வம்பை வாசல்வரை போய் அழைத்து வருகிறவள்தானே.

நோட்டீஸ் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. மானேஜர் ஸ்ட்ராட்டன் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார். பதினேழு வருஷத்தில் அந்த அறையில் எனக்கு நாற்காலி கொடுத்தது அன்றைக்குத்தான்.

"அறுபது நாள் இருக்கு வெர்லின். அதுக்குள்ள தாள் சுத்தமா இருக்கணும்," என்றார்.

"சயனைடை முறிக்கிற குளோரின் பம்ப் செத்து ரெண்டு வருஷமாச்சு சார். புது பம்ப் வாங்குங்க, தாள் தானா சுத்தமாகும்," என்றேன்.

"ஆர்டர் போட்டாச்சு. வந்துரும்." அப்புறம் ஓபலின் உடம்பை விசாரித்தார். மருந்தெல்லாம் ஆலைக் காப்பீட்டில் நடக்கிறதல்லவா என்றும் கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார்.

வழக்கு முடிகிறவரை உங்கள் வீட்டுப் பக்கம் நான் தலைகாட்டக் கூடாது என்று கம்பெனி வக்கீல் சொல்லியிருக்கிறார். ஈஸ்டருக்கு வரவில்லை என்று வருத்தப்படாதே. ஹார்லன் மாப்பிள்ளைக்கு என் பங்கு இறைச்சியையும் வை.

வெர்லின்


காரெட் ஹாலோ
17 ஏப்ரல் 1988

அன்புள்ள அண்ணா,

உன்னையும் அண்ணியையும் நினைக்காத நாளில்லை. ஈஸ்டருக்கு உன் நாற்காலியில் பூனை உட்கார்ந்திருந்தது. ஹார்லன் அதற்கு உன் பெயர் சொல்லி இறைச்சி வைத்தார். சிரித்தோம், பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது.

நல்ல சேதி. ஃபெல்ட்மன் மார்ச் மாதத் தாளைப் பார்த்தாளாம். எல்லாக் கட்டமும் வரம்புக்குள். அவள் முகம் சுண்டிப்போயிருந்தது, வக்கீலுக்கு அது நஷ்டம்தானே. எனக்கு உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பம்ப் வந்துவிட்டதா? அறுபது நாள் நோட்டீஸுக்கே இப்படி என்றால் நான் இரண்டு வருஷம் முன்னாலேயே கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

இங்கே மழை தள்ளிப்போகிறது. அண்ணிக்குக் கம்பளித் தொப்பி ஒன்று பின்னி அனுப்பியிருக்கிறேன். நிறம் பிடிக்காவிட்டால் உன் தலையில் மாட்டிக்கொள்.

கிளென்னா


பைன் லேண்டிங்
8 மே 1988

அன்பான கிளென்னாவுக்கு,

எல்லாரும் சுகமா? தொப்பி கிடைத்தது. ஓபல் தூங்கும்போதும் கழற்றுவதில்லை.

இங்கேயும் மழை இல்லை. தக்காளி நாற்றுக்குக் குளியல் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். சர்ச்சில் போதகர் மழைக்கு ஜெபித்தார், ஜெபிக்கும்போதே விசிறிக்கொண்டார்.

ஸ்ட்ராட்டன் வீடு தேடி வந்தார். புகை போட்ட பன்றித் தொடை ஒன்று கொடுத்துவிட்டு, ஓபலின் கையைப் பிடித்து, "உங்க வீட்டுக்காரர் எங்களுக்குக் கிடைச்ச தங்கம்," என்றார். அது இன்னும் கொக்கியில்தான் தொங்குகிறது. வெட்ட மனம் வரவில்லை.

எனக்குக் கொஞ்ச நாளாகத் தூக்கம் சரியில்லை. வயதுதான்.

வெர்லின்


காரெட் ஹாலோ
19 ஜூன் 1988

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதம் உன்னைத் தூங்கி எழுந்த முகத்தோடு பார்க்கட்டும். நாங்கள் இருக்கிறோம். ஹார்லனுக்கு முதுகு போய்விட்டது.

கிணறு வற்றிவிட்டது. கல்லைப் போட்டால் சத்தம்தான் வருகிறது, தண்ணீர் தெறிப்பதில்லை. முப்பத்தொரு பசுவுக்கும் ஹார்லன் டவுனிலிருந்து லாரியில் தொட்டி கட்டித் தண்ணீர் கொண்டுவருகிறார், நாளுக்கு இரண்டு நடை. நேற்றுக் குழாயைத் தூக்கினவர் நிமிர முடியாமல் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். பால் பாதியாகக் குறைந்துவிட்டது. படலுக்கு அந்தப் பக்கம் ஆறு ஓடுகிறது. பசுக்கள் நாள் முழுக்கப் படல்மேல் கழுத்தை வைத்துக்கொண்டு நிற்கின்றன. பார்க்கச் சகிக்கவில்லை.

வழக்கும் படுத்துவிடும் போலிருக்கிறது. சாதாரண ஆள் போடுகிற வழக்கு இன்றும் நடக்கிற தப்புக்குத்தான் செல்லுமாம், நடந்து முடிந்த தப்புக்குச் செல்லாதாம். மார்ச், ஏப்ரல், மே மூன்றும் சுத்தம் என்று காட்டி, தள்ளுபடி செய்யுங்கள் என்று ஆலை கேட்டிருக்கிறது. போகட்டும். நான் கேட்டது சுத்தமான ஆறு, வழக்கு இல்லை.

அதனால் நேராகக் கேட்கிறேன். படலைத் திறக்கலாமா? அந்த எண்களை எழுதுகிற கை உன்னுடையது. நீதிபதி பேச்சைவிட எனக்கு உன் பேச்சுதான் பெரிது. ஹார்லனும் அதையேதான் சொல்கிறார்: "உங்கண்ணன் வேண்டாம்னா, முதுகு உடைஞ்சாலும் தண்ணி சுமக்கிறேன். சரின்னா நாளைக்கே கம்பிய வெட்டிடுறேன்."

இரண்டு வாரம் பொறுப்பேன். உன் பதிலைப் பார்த்துத்தான் திறப்பேன்.

அண்ணிக்கு எப்படி இருக்கிறது என்பதையும் எழுது.
கிளென்னா


பைன் லேண்டிங்
3 ஜூலை 1988

அன்பான கிளென்னாவுக்கு,

உன் கடிதம் பத்து நாளாக மேசையில் கிடக்கிறது. ஓபலுக்கு ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி. இன்னும் நான்கு ஊசி பாக்கி. டாக்டர் முதல் தடவையாகச் சிரித்துப் பேசினார், கட்டி சுருங்குகிறதாம்.

மாப்பிள்ளையின் முதுகுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு. இறுக்கிக் கட்டாதே.

வெயில் கொளுத்துகிறது. தக்காளி பிஞ்சிலேயே வெம்பிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் நாளைச் சுதந்திர தினத்துக்கு வாணவேடிக்கை வாங்கி வைத்திருக்கிறான். காய்ந்த புல்லில் பற்றினால் தெருவே போய்விடும் என்றால் கேட்கமாட்டேன் என்கிறான்.

மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன். பேனா கசிந்துவிட்டது, மன்னித்துக்கொள்.

வெர்லின்


காரெட் ஹாலோ
17 ஜூலை 1988

அண்ணா,

நலம் விசாரிக்க வரவில்லை, மன்னித்துக்கொள்.

உன் கடிதம் ஆறாம் தேதி புதன்கிழமை வந்தது. இரண்டு தடவை படித்தேன். படலைப் பற்றி ஒன்றுமில்லை. "மாமனார் மாதிரியே பேசாம ரொட்டியப் பிட்டுட்டாரு," என்று ஹார்லன் சிரித்தார். ஏழாம் தேதி காலையில் கம்பியை வெட்டினோம். பசுக்கள் ஓடின, அண்ணா. கிழட்டு மார்த்தாகூட ஓடினாள். வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தண்ணீரிலேயே நின்றன. எட்டு நாள் ஒன்றும் இல்லை. பால் கூடியது. ஹார்லன் பகலில் படுத்துத் தூங்கினார்.

முந்தாநாள், பதினைந்தாம் தேதி விடியலில் பால் கறக்கப் போனால் தொழுவத்தில் பன்னிரண்டுதான் நிற்கின்றன. மற்றதெல்லாம் ஆற்றங்கரையில். பத்தொன்பது. சில இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தன. மார்த்தா பாதி உடம்பு தண்ணீரிலும் பாதி மண்ணிலுமாகக் கிடந்தாள். ஹார்லன் அவள் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எழுந்திருடி, எழுந்திருடி," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சுற்றி மீன்கள் வெள்ளை வயிற்றோடு மிதந்தன.

மாட்டு டாக்டர் ஒன்றை அறுத்துப் பார்த்தார். ரத்தம் செர்ரிப் பழம் போலச் சிவப்பாக இருந்தது. சயனைடு என்றார். மிச்சப் பசுக்களின் பாலையும் எடுக்கமாட்டோம் என்று பால் கம்பெனி சொல்லிவிட்டது.

அன்றைக்கு ஆலையில் ஏதோ விபத்து நடந்திருக்க வேண்டும். தொட்டி உடைந்ததா, குழாய் வெடித்ததா? உனக்கே பிறகுதான் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாய். விபத்துதான் என்று ஒரு வரி எழுது. ஹார்லன் லாரிக்குள் உட்கார்ந்திருக்கிறார், இறங்கமாட்டேன் என்கிறார். அவருக்குச் சொல்ல எனக்கு ஏதாவது வேண்டும்.

கிளென்னா


காரெட் ஹாலோ
28 ஆகஸ்ட் 1988

வெர்லின்,

ஆறு வாரம் ஆயிற்று. விபத்தா என்று கேட்டேன், நீ பேசவில்லை. பழைய வழக்கப்படி ஆமாம் என்று எடுத்துக்கொண்டு ஹார்லனிடம் சொன்னேன். அவரும் நம்பினார்.

நேற்று ஃபெல்ட்மன் ஜூலை மாதத் தாளைக் கொண்டுவந்தாள். மேசையில் விரித்து வைத்தாள். ஜூலை 14, வியாழக்கிழமைக் கட்டம். என் பசுக்கள் செத்ததற்கு முதல் நாள். சயனைடு வரம்புக்குள். அடியில் உன் கையெழுத்து, எப்போதும் போல அழகாக, கோணல் இல்லாமல்.

"உங்க அண்ணனும் பொய் எழுதிட்டாராம்மா?" என்றுகூட அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அண்ணி எப்படி இருக்கிறாள்? அவள் என்ன பாவம் செய்தாள்.

கிளென்னா


பைன் லேண்டிங்
11 செப்டம்பர் 1988

கிளென்னாவுக்கு,

ஓபலுக்குக் கடைசி ஊசி வெள்ளிக்கிழமை முடிந்தது. அதுவரை காத்திருந்தேன். அதையும் மறைக்கப் போவதில்லை.

பம்ப் வரவே இல்லை. ஆர்டர் தாளை ஸ்ட்ராட்டனின் மேசை இழுப்பறையில் என் கண்ணால் பார்த்தேன், அனுப்பவே இல்லை. மார்ச் முதல் மாதிரி பாட்டிலில் கழிவுநீர் ஒரு கோப்பை என்றால் குழாய்த் தண்ணீர் பத்துக் கோப்பை ஊற்றினேன். ஊற்று என்று யாரும் சொல்லவில்லை. தாள் சுத்தமாக இருக்க வேண்டும் என்றார்கள், ஓபலின் மருந்தைப் பற்றி விசாரித்தார்கள். மீதியை நானே கூட்டிக்கொண்டேன்.

ஜூலை 14 மத்தியானம் பழைய தொட்டியை மொத்தமாகத் திறந்துவிட்டார்கள். குழாய் வாயில் நான்தான் நின்றேன். ஆறு இருந்த இருப்பில், உன் வீட்டுக்கு வந்து சேர ஒரு ராத்திரி ஆகும் என்று கணக்குப் போடத் தெரிந்தவன் நான். போனை எடுத்தேன். ஹட்டி ஒட்டுக் கேட்பாளே என்று வைத்துவிட்டேன். ஹட்டி ஒரு சாக்கு.

பேனாவும் கசியவில்லை. நான் அடித்த வரி: 'திறக்காதே.' எழுதிவிட்டுப் பார்த்தேன். அந்தத் தாள் உன் வக்கீல் கைக்குப் போனால் எல்லாம் போய்விடும் என்று தோன்றியது, அடித்தேன். நான் பேசாமல் இருந்தால் நீ அதைச் சரி என்று எடுத்துக்கொள்வாய் என்பது எனக்குத் தெரியும். அதே மேசையில் வளர்ந்தவன்தானே. தெரிந்துதான் உறையை ஒட்டினேன்.

உண்மை எண்களைச் சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதி வந்தேன், ஏனென்று தெரியவில்லை. பதினேழு வருஷம் எழுதின கை. அதை நேற்று ஃபெல்ட்மனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். எனக்கு என்ன ஆகும் என்பதையும் அவள் சொன்னாள்.

என்னை மன்னிப்பாயா? உடனே சொல்ல வேண்டாம். முடியாவிட்டால் எழுதவே வேண்டாம்.

வெர்லின்


ஃபெடரல் சிறை முகாம்
12 நவம்பர் 1989

அன்பான கிளென்னாவுக்கு,

இங்கே சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறது, உடம்புக்குக் குறையில்லை. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பொய்க் கணக்கு எழுதினதற்கு ஆறு மாதம். துணி துவைக்கிற வேலை.

தீர்ப்பு உனக்கும் வந்திருக்கும். என் குறிப்பேட்டை வைத்து நீதிபதி மீறல் நாட்களை ஒவ்வொன்றாக எண்ணினாராம். ஆறு லட்சத்து நாற்பதாயிரம் டாலர், எல்லாம் கருவூலத்துக்கு. மாப்பிள்ளை சொன்னது சரிதான். ஸ்ட்ராட்டன் கூண்டில் ஏறி, "தாள் சுத்தமா இருக்கணும்னு சொன்னேன், பொய் எழுதுன்னு சொல்லலையே," என்றார். அது உண்மையும்கூட. இப்போது ஒஹையோவில் இதைவிடப் பெரிய ஆலைக்கு மானேஜர்.

ஓபல் வாடகை அறையில் தனியாக இருக்கிறாள். காப்பீடு போனதால் பரிசோதனைக்குப் போகிறாளா என்றும் எனக்குத் தெரியவில்லை. கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்கிறாள்.

பதினான்கு மாதமாக நீ எழுதவில்லை. மன்னிப்பாயா என்று கேட்டிருந்தேன். முதலில் பயமாக இருந்தது. பிறகு அப்பா நினைவுக்கு வந்தார். கூடாது என்றால் நீ வீடு அதிரச் சொல்லியிருப்பாய். சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே தூங்குகிறேன்.

வெர்லின்


காரெட் ஹாலோ
10 டிசம்பர் 1989

அண்ணன் வெர்லினுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். பசுக்களை விற்றாயிற்று, கறவை இயந்திரத்தையும் விற்றாயிற்று. ஹார்லன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறார். வீட்டில் பேசுவது குறைந்துவிட்டது. விடியலில் தூக்கத்தில் எழுந்து பூட்ஸ் மாட்டிக்கொள்வார். தொழுவம்வரை போய்விட்டுத் திரும்பி வருவார்.

ஆலையில் புது பம்ப் ஓடுகிறதாம். வேறொரு ஆள் கையெழுத்துப் போட்ட தாளை ஃபெல்ட்மன் அனுப்பினாள். எல்லாக் கட்டமும் சுத்தம். ஒருவேளை உண்மையாகவே இருக்கலாம். நான் படலை மறுபடி சாத்திவிட்டேன். யார் எண்ணை எழுதிக் கொடுத்தாலும் இனி எனக்கு அதைத் திறக்கக் கை வராது. நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது பத்தொன்பது பசு மட்டும் இல்லை.

பதினான்கு மாதம் நான் எழுதாமல் இருந்தது எழுத முடியாததால். ஒவ்வொரு ஞாயிறும் தாளை எடுத்து வைப்பேன். 'அண்ணா' என்று எழுதினதும் மார்த்தாவின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த ஹார்லன் தெரிவார். மூடி வைத்துவிடுவேன். இன்னும் பல வருஷம் அப்படியே இருந்திருப்பேன். ஆனால் என் மௌனத்தை எடுத்துத் தலைக்கு வைத்துத் தூங்குகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஒரு தடவை நீ பேசாமல் இருந்ததை நான் சம்மதம் என்று நம்பினேன். நான் பேசாமல் இருப்பதை நம்பி நீயும் ஏமாற வேண்டாம். அந்தக் கெடுதலை உனக்குக்கூடச் செய்யமாட்டேன்.

அதனால் அப்பாவைப் போலச் சத்தமாகவே சொல்கிறேன். மன்னிக்கவில்லை. என்றைக்காவது மனம் மாறினால் அதையும் தாளில் எழுதிச் சொல்வேன். சொல்கிறவரை இல்லை என்றுதான் அர்த்தம்.

நன்றியறிதல் நாள் விருந்துக்கு ஹார்லன் போய் ஓபல் அண்ணியை அழைத்து வந்தார். உன் நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். பாதித் தட்டு சாப்பிட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். விருந்து முடிந்ததும் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. நீ வருகிறவரை எங்கள் வீட்டில் இருப்பாள்.

அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே.

குளிர் கூடுகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்.
தங்கை கிளென்னா